46 நிமிஷத் திருமணம்: வள்ளியின் தர்க்கம் எங்கே போனது?

1998 பங்குனி உத்திரத்துக்குப் பத்து நாள் முன்னால், ஆம்பூரில் உள்ளூர் கேபிள் நடத்திக்கொண்டிருந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வள்ளி திருமணம் நாடகத்தை டி.வி.க்கு எடுக்க வேண்டுமாம். ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். விளம்பரம் போக 46 நிமிஷம். 'நீங்கதான் எழுத்து, பத்திரிகைன்னு சுத்திகினு கீறீங்களே, அத்தக் கொஞ்சம் வெட்டிக் குடுங்க' என்றார். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கிற நாடகம் அது. எழுதுவதற்கு இல்லை, வெட்டுவதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வெகுஜன ஊடகத்துக்குள் நுழைய ஒரு சந்து கிடைத்தது என்றுதான் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வெட்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எதை வெட்டினேன், எனக்கு முன்னால் அதே இடத்தில் யார் யார் கத்தி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கப்போனால் அது கிட்டத்தட்ட நூறு வருஷக் கதையாக நீள்கிறது.

வள்ளி எங்கள் மாவட்டத்துப் பெண். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் முடியும் இடம் வள்ளியம்மை திருமணப் படலம். அந்தப் படலம் நடப்பது தொண்டை நாட்டில், மேற்பாடிக்குப் பக்கத்து வள்ளிமலையில். காட்பாடியிலிருந்து பொன்னை போகிற வழியில் இன்றைக்கும் பஸ் நிற்கிற ஊர்தான். ஆனால் கந்தபுராணத்துக்கு வெகுகாலம் முன்பே அவள் இருந்தாள். நற்றிணை 82ஆம் பாட்டில் முருகனோடு சேர்ந்து போகும் வள்ளி ஓர் உவமையாக வருகிறாள். உவமையாக வருவதென்றால் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தாள் என்றுதானே பொருள்? அதே மலையில் 9ஆம் நூற்றாண்டில் கங்க மன்னன் ராஜமல்லன் காலத்துச் சமணக் குடைவும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன. மேலே குடைவரை முருகன், பக்கத்தில் சமண முனிவர்கள், கீழே கிழங்கு தோண்டிய குழியில் வேடர் தலைவன் நம்பிராஜன் கண்டெடுத்த குழந்தை. ஒரே மலையை யார் யாரோ தங்கள் தங்கள் பிரதியாக எழுதிப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் நாடகம் இங்கே பிறந்ததல்ல. வட ஆர்க்காட்டு ஊர்களில் ராத்திரி என்றால் கூத்து, கூத்து என்றால் பாரதம். துரோபதை அம்மன் கோயில், பதினெட்டாம் போர், அர்ச்சுனன் தபசு. வள்ளி திருமணம் தெற்கிலிருந்து வருகிற 'செட்டு'. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகக்காரர்களைத் திருவிழாக் கமிட்டி காசு திரட்டிக் கூட்டிவரும். என் அம்மா ஊர் பொன்னையாற்றுப் பக்கம். சின்ன வயதில் அங்கேதான் முதல் தடவை பார்த்தேன். வள்ளி பிறந்த மலையைக் கண்ணால் பார்க்கிற தூரத்தில், புதுக்கோட்டைப் பேச்சு பேசுகிற வள்ளி. அந்த முரண் யாருக்கும் முரணாகப் படவில்லை.

நாடகத்தை இன்றைய வடிவில் கட்டியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று கம்பெனிகளை உருவாக்கியவர். கம்பெனிகள் உடைந்த பிறகும் அவருடைய பாட்டுகளும் வசனமும் நடிகர்களின் மனப்பாடத்தில் தங்கின. அந்த மனப்பாடம்தான் ஸ்பெஷல் நாடகத்தின் மூலதனம். இதில் குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறெங்கோ. ஏஜெண்ட் மூலம் தேதி வாங்கி, அன்றைக்கு ராத்திரிதான் மேடைக்குப் பின்னால் முகம் பார்த்துக்கொள்வார்கள். ஒத்திகை என்பதே இல்லை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் பபூன், பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும் மோதிக்கொள்ளும் காமெடி. அதற்கே ஒன்றிரண்டு மணி நேரம் போகும். பிறகு தினைப்புனத்தில் வள்ளி. நாரதர் வந்து அவளிடம் வாய் கொடுப்பார். அப்புறம் வேடன் வேஷத்தில் முருகன், மானைத் தேடிக்கொண்டு. அவள் விரட்டுவாள். கிழவன் வேஷத்தில் வருவான், தேனும் தினைமாவும் கேட்பான், விக்கலுக்குத் தண்ணீர் கேட்பான். கடைசியில் அண்ணன் கணபதியை யானையாக வரச் சொல்வான். அவள் பயந்து கட்டிக்கொள்வாள். திருமணம். விடிந்துவிடும்.

மேல்பார்வைக்கு ஒரு காதல் காமெடி: மாறுவேஷம், பொய், ஊடல், கடைசியில் கல்யாணம். உலகத்தில் எல்லா மேடைகளிலும் இருக்கிற சரக்குதான். ஆனால் ஜனங்கள் ராத்திரி முழுக்கக் கண் விழித்து உட்காருவது கல்யாணம் பார்க்க இல்லை. முடிவு தெரிந்த கதைக்கு எதற்கு விழித்திருக்க வேண்டும்? அவர்கள் காத்திருப்பது தர்க்கத்துக்கு. நாரதர்-வள்ளி தர்க்கம், வேலன்-வள்ளி தர்க்கம். அவன் ஒரு கேள்வி போட, அவள் அதைத் திருப்பி அடிக்க, அவன் பாட்டில் பதில் சொல்ல, அவள் அந்தப் பாட்டிலேயே ஓட்டை கண்டுபிடிக்க, இது மூன்று மணி நேரம்கூடப் போகும். எழுதிவைத்த வசனம் இங்கே ஓர் எலும்புக்கூடு மாதிரி. சதையெல்லாம் அன்றைக்கு ராத்திரி, அந்த ஊரில், எதிரில் நிற்கிற ஆளைப் பொறுத்து வளர்வது. பதில் சொல்லத் தெரியாத ஸ்திரீபார்ட்டுக்கு அடுத்த வருஷம் தேதி கிடைக்காது. தமிழ்ப் பொதுவெளியில் ஒரு பெண் ஆயிரம் பேர் நடுவே நின்று ஓர் ஆணுக்கு, அதுவும் சாமிக்கு, மணிக்கணக்கில் எதிர்ப்பேச்சு பேச, அதற்காகவே அவளுக்குக் காசு கொடுக்கப்பட்ட இடம் வேறு எத்தனை இருந்தது என்று தோழர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

இந்தத் திறந்த இடத்துக்குள் எது வேண்டுமானாலும் நுழையலாம். நுழைந்தது. விஸ்வநாத தாஸ் (1886-1940) சிவகாசியில் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். முருகன் வேஷத்தில் தினைப்புனத்துக்கு வந்து, வெள்ளைக் கொக்கு பறக்கிறது என்று பாடினார். கொக்கு யார் என்று ஜனங்களுக்கும் தெரியும், கீழே குறிப்பெடுத்துக்கொண்டிருந்த போலீஸ்காரருக்கும் தெரியும். 1876ஆம் வருஷத்து நாடகச் சட்டம் கையெழுத்துப் பிரதியைத் தணிக்கை செய்யலாம். நடு ராத்திரியில் வாயில் பிறக்கிற பாட்டை என்ன செய்வது? மேடையிலேயே கைது செய்வார்கள். பலமுறை செய்தார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், அதே வள்ளி திருமணத்தில், முருகனாக மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் போனது.

தேசியத் தியாகியாக அவரைக் கொண்டாடுகிற மலர்கள் ஒரு விஷயத்தை மெல்லக் கடந்துபோகும். சாதியைச் சொல்லி அவரோடு ஜோடி சேர மறுத்த நடிகைகள் இருந்தார்கள். யோசித்துப் பாருங்கள். கதையில் தேவலோகத்து மாப்பிள்ளை, காட்டுக் குலத்துப் பெண்ணை மணக்க வேடன் வேஷம் போட்டுக் குலத்தை மறைக்கிறான். மேடைக்குப் பின்னால் அந்த முருகனின் குலத்தைச் சொல்லி வள்ளி வரமாட்டேன் என்கிறாள். நாடகமும் நடப்பும் ஒன்றையொன்று கேலி செய்கிற இந்த இடத்தைச் சும்மா தாண்டிப்போக முடியாது.

என் சொந்த அனுபவமும் இந்த இடத்தில்தான் வந்து முட்டுகிறது. அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. அம்மா ஊர் நாடகத்தில் நாங்கள் உட்காருகிற இடம் கொட்டகைக்கு வலது பக்கம், வண்டிப் பாதையைத் தாண்டி. யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை, தெரியும். வேடன் வந்து வள்ளியிடம் அசடு வழிவான். அவள் முதலில் பேர் கேட்பாள், ஊர் கேட்பாள். ஏதேதோ சொல்லி மழுப்புவான். 'அதெல்லாம் இருக்கட்டும், என்ன குலம்?' என்பாள். முருகன் முழிப்பான். அந்த முழிப்புக்கு முதல் சிரிப்பு எங்கள் பக்கத்திலிருந்துதான் கிளம்பும். எங்கள் ஜில்லாவில் 'எந்த ஊரு?' என்று கேட்டால் ஊர்ப் பெயர் சொன்னால் முடியாது. 'ஊரா, காலனியா?' என்று அடுத்தது வரும். ஷாப்பில் வேலைக்குப் போனாலும், டீக்கடையில் நின்றாலும், பொண்ணு பார்க்கப் போனாலும் வரும். அந்தக் கேள்விக்கு முன்னால் நின்று முழித்த பழக்கம் உள்ளவர்கள், சாமி அதே மாதிரி முழிப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்தினை அரைகுறையாகப் படித்துவிட்டு நாங்கள் எல்லாவற்றையும் களியாட்டம், தலைகீழாக்கம் என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இந்தச் சிரிப்பு மட்டும் என் நினைவுக்கு வரவில்லை என்பதை வெட்கத்தோடு இங்கே குறிப்பிட வேண்டும்.

மேடையைச் சொர்க்கமாக்கவும் வேண்டாம். தர்க்கத்தில் யார் ஜெயித்தாலும் யானை வந்தே தீரும், கல்யாணம் நடந்தே தீரும். பதிலுக்குப் பதில் பேசிய அந்தப் பெண் காலையில் முக்காடு போட்டுக்கொண்டு வேனில் ஏறுவாள். மதுரை ஸ்பெஷல் நாடகக்காரர்களோடு பழகி சூசன் சைசர் எழுதிய புத்தகம் 2005இல் வந்தது. அதன் தலைப்பே களங்கத்தைப் பற்றியது. ராத்திரியில் வீட்டைவிட்டு வெளியே போகிறவள் என்பதற்காகவே நடிகை சுமக்கிற பேர், அதை மறைக்க அவள் கையாளும் உபாயங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. மேடையில் கொடுத்த வாயை ரோட்டில் பிடுங்கிக்கொள்ளும் சமூகம் இது.

இனி வெட்டியவர்களின் கதை. முதல் கத்தி கிராமபோன். ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம். நாடக செட்டுகளும் வந்தன என்றாலும் தட்டில் நின்றது பாட்டுதான். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1926இல் கொழும்பு மேடையில் சேர்ந்த காலத்திலிருந்து, 1933இல் 27 வயதில் கிட்டப்பா இறக்கும்வரை, தமிழ் மேடையின் பெரிய ஜோடி. அவர்கள் குரல் நமக்குக் கிடைக்கிறது. ஒருவரை ஒருவர் மடக்கிய பேச்சு கிடைக்கவில்லை. பாட்டு இசையாகி மேலே போயிற்று. பேச்சு வெறும் வாயாடித்தனமாகிக் கீழேயே தங்கிவிட்டது.

அடுத்து சினிமா. அதே 1933இல் கோவை சாமிக்கண்ணு வின்சென்ட், கல்கத்தா பயனீர் கம்பெனியோடு சேர்ந்து வள்ளி திருமணம் எடுத்தார். மேடையிலிருந்து வந்த டி.பி. ராஜலட்சுமி வள்ளி. படம் நன்றாக ஓடியது. 1945இல் ஏவி. மெய்யப்பன் எடுத்த ஸ்ரீ வள்ளியில் டி.ஆர். மகாலிங்கம், குமாரி ருக்மணி. இந்தப் படத்தில் நடந்த ஒரு விஷயத்தைத் தொழில்நுட்பச் சாதனையாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். ருக்மணி பாடியதில் மெய்யப்பனுக்குத் திருப்தி இல்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து வள்ளியின் பாட்டுக் குரலை மாற்றினார். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் தன் வாயால் பிழைத்த வள்ளிக்கு வாய் ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது என்று ஆனது அங்கேதான். 1961இல் சிவாஜி, பத்மினி நடித்து மறுபடி ஸ்ரீ வள்ளி வந்தது. அதற்குள் தர்க்கம் பாட்டுக்கு முன்னால் வருகிற நாலு வரி வசனமாகச் சுருங்கியிருந்தது.

இதற்குச் சமாந்தரமாக இன்னொரு கோடு. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபா: வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், எழுதிய பிரதி, ஒத்திகை, குறித்த நேரத்தில் முடிகிற நாடகம். ஷேக்ஸ்பியரின் காதல் காமெடியை 'விரும்பிய விதமே' என்று தமிழாக்கியதும் அவர்தான். 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது நாடகம் என்று அதற்குள் சுலபமாக நுழைந்தது இந்த சபா வழி வந்தது. காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி. சேகர், கிரேசி மோகன் என்று நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைக் காமெடி. அதை ஸ்டூடியோவுக்குத் தூக்கி வர பெரிய வெட்டு தேவைப்படவில்லை. சோபாவுக்கு எதிரே சோபா. ஸ்பெஷல் நாடகம் வந்தால் கிராமியக் கலை என்ற தலைப்பில் வரும். அப்படி வந்தாலே சகவாசம் முடிந்தது. கலையாகிவிட்ட பிறகு எதிர்ப்பேச்சுக்கு என்ன வேலை?

இது நம் ஊர் நோய் மட்டுமில்லை. பி.பி.சி. 1978இலிருந்து 1985வரை ஷேக்ஸ்பியர் நாடகங்கள் அனைத்தையும் டி.வி.க்கு எடுத்தது. 1980இல் ஜோனதன் மில்லர் எடுத்தது 'அடங்காப்பிடாரியை அடக்குதல்'. கோமாளி நடிகராகப் பேர்பெற்ற ஜான் கிளீஸ் அதில் கதாநாயகன். மூல நாடகம் எப்படித் தொடங்குகிறது? குடித்துவிட்டு விழுந்துகிடக்கும் கிறிஸ்டோஃபர் ஸ்லை என்ற ஏழையைப் பிரபு என்று நம்பவைத்து, அவனுக்கு முன்னால் போட்டுக் காட்டுகிற நாடகம்தான் மொத்தக் கதையும். அதாவது பெண்ணை அடக்குகிற கதை ஒரு குடிகாரனுக்குக் காட்டப்படும் வேடிக்கை. மில்லர் ஸ்லையை வெட்டிவிட்டார். வெட்டியதும் வேடிக்கை போய்க் கதை நிஜமாகிவிட்டது. கடைசியில் குடும்பமே சேர்ந்து உட்கார்ந்து சங்கீதம் பாடி முடிக்கிறது. நம் பபூனை வெட்டினால் நடப்பதும் இதுதான். இது நாடகம், இவர்கள் வேஷம் போட்டவர்கள் என்று முதல் இரண்டு மணி நேரம் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தவன் போய்விட்டால், அப்புறம் வள்ளியை ஏமாற்றுவது திருவிளையாடலாகிறது.

தமிழில் அந்த ஷேக்ஸ்பியரை 1963இல் சிவாஜியையும் பானுமதியையும் வைத்து 'அறிவாளி' என்று எடுத்தவர், ஸ்ரீ வள்ளியில் மெய்யப்பனோடு வேலை செய்த ஏ.டி. கிருஷ்ணசாமி. தற்செயலாக இருக்கலாம். அமெரிக்க டி.வி.யில் 1986இல் 'மூன்லைட்டிங்' தொடரில் அதே கதையை ஒரு மணி நேரத்துக்குள் கேலியாகப் போட்டார்கள். அதில் கடைசியில் விட்டுக்கொடுப்பது அவன். ஆகவே நேரம் குறைவு என்பது காரணமே இல்லை. 46 நிமிஷத்துக்குள்ளும் யாருக்கு வாய் கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும். நான்தான் செய்யவில்லை.

ஆம்பூருக்கு வருகிறேன். இடம் ஒரு மூடிக்கிடந்த தோல் ஷாப்பின் கொட்டகை. பாலாற்று மாசு வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தோல் ஆலைகளுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் அபராதம் போட்டு, சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாதவற்றை இயங்கக்கூடாது என்றது. அப்படி நின்றுபோன ஒன்று. வாடகை கிடையாது. கேமராவுக்குக் கல்யாண வீடியோ எடுக்கிற தம்பி. வள்ளிக்குப் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வந்திருந்தார். நான் வெட்டி ஒட்டி எழுதிய பதினெட்டுப் பக்கத்தை நீட்டினேன். வாங்கவில்லை. 'இது எதுக்குண்ணே? எதிர்ல யாரு வர்றாகன்னு மட்டும் சொல்லுங்க' என்றார்.

அந்தப் பதினெட்டுப் பக்கத்தில் பபூன் இல்லை. நாரதர் மூன்று நிமிஷம். குலத்தைக் கேட்கும் இடத்தைக் கேபிள்காரர் படித்துப் பார்த்து, 'ஜாதி கீதி வேணாங்க, நாளைக்கு எவனாவது ஒயர அறுத்துட்டுப் பூடுவான்' என்றார். அவர் பயத்தில் நியாயம் உண்டு. நான் பேனாவை எடுத்து 'என்ன குலம்' என்பதை அடித்துவிட்டு, 'என்ன வேலை' என்று மாற்றினேன். வண்டிப் பாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்தவன்தான் மாற்றினேன். கேபிள்காரர் மேல் பழி போட இதில் ஒன்றுமில்லை.

படப்பிடிப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வேலன் வந்து, மான் ஒன்று இப்படி ஓடிவந்ததா என்றான். அந்த அம்மா என் வசனத்தைச் சொல்லவில்லை. கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கம்பியில் காய்ந்துபோய்த் தொங்கிய பழைய தோல் துண்டு, உப்பு பூத்த சுவர். 'மானைத் தேடி இந்த எடத்துக்கா வந்தீரு? இங்க வந்தது எதுவும் தோலாத்தான்யா வெளிய போகும்' என்றார். வேடிக்கை பார்க்க வந்திருந்த வாட்ச்மேன்கள், பழைய ஷாப்பு ஆட்கள், லஞ்சு விட்டு வந்த ஷூ கம்பெனிப் பெண்கள் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். ஒரு பெரியவர் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. தம்பி கேமராவை நிறுத்தினான். 'சத்தம் ஏறிடுச்சு சார், இன்னொரு டேக்.'

கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி எடுத்தோம். அம்மா வேறு ஏதோ சொன்னார், சுமாராக இருந்தது. 'முன்ன சொன்னதயே சொல்லுங்கம்மா' என்றேன். 'அதான் சொல்லியாச்சேண்ணே' என்றார். நான் புரியாமல் நின்றேன். 'சிரிச்ச ஆளுகளையும் தொரத்திட்டு, சொன்னதயே சொல்லுன்னா எப்படி?' முதல் ஷாட்டில் சொன்னதும் இரண்டாவதில் சொல்வதும் ஒன்றாக இருந்தால்தான் கேமராவுக்குக் காட்சி ஒட்டும். ஒரே பதிலை இரண்டாம் தரம் சொன்னால் தர்க்கத்தில் தோற்றதாக அர்த்தம். இதற்கு நான் படித்த கோட்பாடு எதிலும் வழி இல்லை. கடைசியில் என் வசனத்தைச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, ஒரு எழுத்து பிசகாமல்.

யானைக்கு வருவோம். நான் சின்ன வயதில் பார்த்த மேடைகளில் யானை என்றால் சாக்கைப் போர்த்திய பபூன், அல்லது வெறும் மிருதங்கச் சத்தம். அது யானை இல்லை என்று வள்ளிக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அவள் பயப்படுவதே ஒரு நடிப்பு, சம்மதிப்பதற்குக் கிடைத்த சாக்கு என்று பெண்கள் பக்கம் கிசுகிசுத்துக்கொள்வார்கள். கேபிள்காரர் எங்கிருந்தோ ஒரு நிஜ யானைக் காட்சியை வாங்கி ஒட்டினார். தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறுகிற யானை, அடுத்த ஷாட்டில் அந்த அம்மாவின் அலறல், அடுத்து அவன் கை. ஓடவிட்டுப் பார்த்தபோது எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மிரட்டி வாங்கிய கல்யாணமாக இருந்தது. ஒருவேளை கதையில் உள்ளது அதுதானோ என்னவோ. அதை அப்படிப் பார்க்கவிடாமல் ஒரு சாக்கு இத்தனை காலம் காப்பாற்றி வந்திருக்கிறது.

திருமணக் காட்சி மட்டும் அமோகமாக வந்திருந்தது. தம்பிக்குத் தெரிந்த தொழில். மாலை, தாலி, பூ தூவல், மேலே சுழலும் இதய வடிவம்கூடப் போட்டிருந்தான். 46இல் அதற்கே பதினொரு நிமிஷம்.

ஒளிபரப்பான மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்த பெண்களில் இருவர் அன்றைக்கு வேடிக்கை பார்த்தவர்கள். அப்பர் தைக்கிற பிரிவு. 'அண்ணா, அந்தத் தோல் ஜோக்கு வரவேயில்லியே?' என்றாள் ஒருத்தி. ஒலி சரியில்லை என்றேன். 'நாங்க சிரிச்சதாலயா?' என்று கேட்டாள். பஸ் வந்துவிட்டது.

2022இல் கலர்ஸ் தமிழில் 'வள்ளி திருமணம்' என்று ஒரு தொடர் வந்தது. முருகனும் கிடையாது, தினைப்புனமும் கிடையாது. இன்றைய குடும்பக் கதை. பேரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அதிலும் திருமணத்தை. அதைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. ஒரு மணி நேரத்தில் பதினொரு நிமிஷமாக நான் செய்ததைத்தான் அவர்கள் வாரம் முழுக்கச் செய்தார்கள். தெற்கே இப்போதும் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது. செல்போனில் எடுத்து யூடியூபில் போடுகிறார்கள். அதில் தர்க்கம் முழுசாகக் கிடைக்கிறது, கூட்டத்தின் சத்தத்தோடு, கேமரா ஆடிக்கொண்டே. எடுப்பவருக்கு வெட்டத் தெரியாததால் கிடைக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம்.

அன்றைக்கு எடுத்த வி.எச்.எஸ். கேசட்டுகள் நாலு என்னிடம் இருந்தன. 2011இல் பூஞ்சை துடைத்து மாற்றித்தர ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டு தேறவில்லை. மூன்றாவதில் படம் போய்க் கோடுகள் மட்டும். ஒலி கொஞ்சம் இருக்கிறது: பக்கத்து ஷாப்பில் டிரம் சுற்றுகிற சத்தம், 'மானைத் தேடி இந்த எடத்துக்கா' என்பதுவரை அந்த அம்மாவின் குரல், அப்புறம் சிரிப்பு, இருமல், தம்பி 'கட்' சொல்வது. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்துத் திருவிழாக்களில் பதிவான வள்ளி தர்க்க ஆடியோ கேசட்டுகள் நண்பர்கள் யாரிடமாவது கிடந்தால், பெட்டி உடைந்திருந்தாலும் பரவாயில்லை, தூக்கிப் போடாதீர்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.